கார்புரேட்டரைக் கழற்றி எறிவதற்கு முன்



இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன். கார் பக்கம் போகாதவர்களும் பொறுமையாகப் படியுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த இயற்பியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும்.

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் ரெடிங் நகரில் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவரிடம் 1969-ஆம் வருடத்து எம்.ஜி.பி. கார் ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் உட்காரலாம், துணிக்கூரையை மடித்து வைத்துக்கொள்ளலாம். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற சிற்றூரில் 1962 முதல் 1980 வரை இந்தக் காரைச் செய்தார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். 1798 சிசி இன்ஜின், அதன் பக்கவாட்டில் ஜோடியாக இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள்.

கொஞ்ச நாளாக அந்தக் கார் மக்கர் பண்ணுகிறது. ஸ்லோ ஸ்பீடு நிற்பதில்லை, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது, மிதித்தால் ஒரு கணம் திக்கித்தான் கிளம்புகிறது. பட்டறைக்கு எடுத்துப்போயிருக்கிறார். ஐந்து நிமிடம் ஓட விட்டுப் பார்த்துவிட்டு, "இரண்டு கார்புரேட்டரும் முடிந்துபோயின. தூக்கிப் போட்டுவிட்டு வெபர் ஒன்று மாட்டிவிடலாம், 1,400 பவுண்டு ஆகும்" என்று சொல்லிவிட்டார்களாம்.

தம்பி இதை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட, இரண்டு நாளாக ஒரே பட்டிமன்றம். வெபர்தான் சரி என்று ஒரு கட்சி. இணையத்தில் பாதி விலைக்குப் புது ஜோடி கிடைக்கிறது என்று ஒரு கட்சி. இந்தக் காலத்தில் யாராவது கார்புரேட்டர் போடுவார்களா, இன்ஜெக்‌ஷனுக்கு மாறு என்று ஒரு கட்சி. காரையே விற்றுவிடு என்று ஒருவர். கடைசியில் "சார், நீங்களே சொல்லுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

நான் மெக்கானிக் அல்ல. ஆனால் போன கோடையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கார்புரேட்டர்களை மாற்றக்கூடாது, பழுது பார்க்க வேண்டும். பழுது பார்க்கவே முடியாது என்று ஆனால் அதே எஸ்.யூ.வைப் புதிதாக வாங்க வேண்டும். வெபர் மட்டமான பொருள் என்பதால் இதைச் சொல்லவில்லை. அது அருமையான பொருள். இந்த இன்ஜினுக்கும், இந்தக் கார் ஓடும் விதத்துக்கும் அது தேவையில்லை என்பதுதான் என் வாதம். ஏன் என்று விளக்குகிறேன்.

முதலில் கார்புரேட்டரின் வேலை. காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலக்க வேண்டும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று ஒரு குறுகலான வழியாகப் போகும்போது வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. பெர்னோலி தத்துவம். ஹோஸ் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுமே, அந்த வேகம்தான். அழுத்தம் குறைந்த இடத்தில் ஒரு துளை வைத்தால் பெட்ரோல் தானாக மேலே இழுக்கப்பட்டுக் காற்றோடு கலக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்ஜின் மெதுவாக ஓடும்போது கொஞ்சம் காற்றுதான் வருகிறது. வேகமாக ஓடும்போது பல மடங்கு வருகிறது. குறுகலான வழியின் அளவு ஒன்றேயாக இருந்தால், மெதுவாக ஓடும்போது இழுப்பு போதாது. அதிவேகத்தில் அந்தக் குறுகலே மூச்சை அடைக்கும். இந்தச் சிக்கலை எஸ்.யூ. ஒரு விதமாகத் தீர்த்தது, வெபர் வேறு விதமாகத் தீர்த்தது. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு வேரே இங்கேதான் இருக்கிறது.

எஸ்.யூ. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். லண்டனில் செருப்பு வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்கள் 1905-ஐ ஒட்டி இதை உருவாக்கினார்கள். முதலில் செய்தவற்றில் உள்ளே ஏறி இறங்கும் துருத்தி தோலால் ஆனது. செருப்புக்கடைக்காரர்களுக்குத் தோலுக்கா பஞ்சம்? பிற்பாடு தோல் போய் உலோகப் பிஸ்டன் வந்தது. 1926-இல் மோரிஸ் கார் கம்பெனியின் முதலாளி வில்லியம் மோரிஸ் நிறுவனத்தை வாங்கிக்கொண்டார்.

அதன் தத்துவம் நம் ஊர் மதகு மாதிரி. வாய்க்காலில் தண்ணீர் கூடக்கூட மதகுப் பலகையை உயர்த்துவோம், குறைந்தால் இறக்குவோம். எஸ்.யூ.வில் அந்தப் பலகை ஒரு பிஸ்டன். காற்று கூடினால் அது தானே உயர்ந்து வழியை அகலமாக்கும், குறைந்தால் தன் எடையாலும் ஸ்பிரிங்காலும் இறங்கும். அதனால் துளைக்கு மேல் இருக்கும் இழுப்பு எப்போதும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். பிஸ்டனின் அடியில் ஒரு ஊசி. நுனி ஒல்லி, மேலே போகப்போகப் பருமன். பிஸ்டன் உயர்ந்தால் ஊசியும் உயரும், துளையில் இடைவெளி கூடும், பெட்ரோலும் கூடும். எத்தனை காற்றோ அத்தனை பெட்ரோல். ஒரு பிஸ்டன், ஒரு ஊசி, ஒரு துளை. அவ்வளவுதான் பொருள்.

எம்.ஜி.பி.யில் உள்ளவை எச்.எஸ்.4 என்ற வகை. கடைசியில் இருக்கும் எண், ஒரு அங்குலத்துக்கு மேல் எத்தனை எட்டில் ஒரு பங்கு என்பதைக் குறிக்கிறது. 4 என்றால் ஒன்றரை அங்குல வாய். எச்.எஸ்.2 என்றால் ஒன்றேகால், எச்.எஸ்.6 என்றால் ஒன்றேமுக்கால். பெயரிலேயே கணக்கை வைத்திருக்கிறார்கள். கணக்கு வாத்தியார்களுக்குப் பிடிக்கும்.

இப்போது வெபர். எடோர்டோ வெபர் 1923-இல் இத்தாலியின் பொலோனா நகரில் தொடங்கிய நிறுவனம். பட்டறையில் சொல்லியிருப்பது அதன் டி.சி.ஓ.ஈ. 45 வகை. ஒரே உடலில் இரண்டு காற்றுவழிகள், படுக்கை வாக்கில். இதில் குறுகலின் அளவு நிலையானது, ஓடும்போது மாறாது. அதனால் ஒவ்வொரு வேகத்துக்கும் தனித்தனி ஏற்பாடு வேண்டும். ஸ்லோ ஸ்பீடுக்கு ஒரு ஜெட், அதிலிருந்து மேலே போகும் கட்டத்துக்குச் சில சிறு துளைகள், ஓட்டத்துக்கு மெயின் ஜெட், காற்றைத் திருத்த இன்னொரு ஜெட், பெட்ரோலையும் காற்றையும் நுரையாக்க ஒரு குழாய், திடீரென்று மிதித்தால் பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு பம்ப். குறுகல் வளையத்தையே கழற்றி வேறு அளவு போடலாம். விவரம் தெரிந்தவர் கையில் இது வீணை மாதிரி, ஒவ்வொரு தந்தியையும் தனியாகச் சுருதி சேர்க்கலாம். விவரம் தெரியாதவர் கையில் சுருதி விலகினால் எந்தத் தந்தி என்றே தெரியாது.

டி.சி.ஓ.ஈ.யின் உண்மையான பலம், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி மூக்கு கொடுக்க முடிவது. நான்கு சிலிண்டருக்கு இரண்டு வெபர், நான்கு காற்றுவழிகள். ஒருவர் மூச்சில் மற்றவர் பங்கு கேட்க மாட்டார். அதனால்தான் பந்தயக்காரர்கள் அதன்மேல் உயிரை விடுகிறார்கள்.

ஆனால் எம்.ஜி.பி.யின் இன்ஜின் பி-சீரிஸ் என்ற பழைய வம்சம். நம் ஊர் அம்பாசடரில் பல வருடம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே வம்சம்தான். இந்த வம்சத்தின் சிலிண்டர் ஹெட்டில் காற்று உள்ளே போக நான்கு வழிகள் கிடையாது, இரண்டுதான். 1-ஆம், 2-ஆம் சிலிண்டர்களுக்குச் சேர்த்து ஒன்று. 3-ஆம், 4-ஆம் சிலிண்டர்களுக்குச் சேர்த்து ஒன்று. எரியும் வரிசை 1-3-4-2. சுழற்சி திரும்பி வரும்போது 2-க்கு அடுத்தது 1 என்பதைக் கவனியுங்கள். ஆக ஒரு வாசலில் இரண்டு சிலிண்டர்கள் அடுத்தடுத்து உறிஞ்சும், பிறகு நீண்ட இடைவெளி. ஒரே செம்பை இரண்டு பேர் வாங்கி வாங்கிக் குடிக்கிற கதை.

இந்த ஹெட்டுக்கு வெளியே நீங்கள் எவ்வளவு உயர்ந்த கார்புரேட்டர் வைத்தாலும் உள்ளே வாசல் இரண்டுதான். ஒரு வெபர் வைத்தால் அதன் ஒரு வழி முன் ஜோடிக்கு, மற்றது பின் ஜோடிக்கு. இரண்டு எஸ்.யூ.க்கள் செய்வதும் அதேதான். தனி மூக்கு என்ற வெபரின் தலையாய பலன் இங்கே கிடைக்காது. மாணவக் கண்மணிகளே, விளம்பரத்தில் இந்த வரி வராது.

"அப்படியானால் எம்.ஜி. கம்பெனியே பந்தயத்தில் ஏன் வெபர் போட்டது?" என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 1963 முதல் 1965 வரை லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போன எம்.ஜி.பி.க்களில் வெபர்தான் இருந்தது. ஆனால் அவை ஹெட்டைச் செதுக்கி, பந்தயக் கேம்ஷாஃப்ட் போட்டு, மணிக்கணக்கில் உச்ச வேகத்தில் ஓடுவதற்காகத் தயார் செய்தவை. இன்ஜினை அந்த அளவுக்கு மாற்றிய பிறகு காற்றும் அதிகம் தேவைப்படும், பெரிய கார்புரேட்டருக்கும் வேலை இருக்கும். நம் தம்பியின் கார் மாறுதல் எதுவும் செய்யாத இன்ஜின். ஞாயிற்றுக்கிழமை மனைவி மக்களில் யாராவது ஒருவரை ஏற்றிக்கொண்டு தேம்ஸ் கரையோரக் கிராமச் சாலையில் போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவதுதான் அதன் பந்தயம். அந்தச் சாலையில் வேண்டியது கீழ் வேகத்தில் திக்காமல் இழுக்கும் சுபாவம். அது எஸ்.யூ.வுக்குப் பிறவிக் குணம்.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். கார்புரேட்டர்தான் கெட்டது என்று யார் சொன்னது?

ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுச் சொன்ன தீர்ப்பு அது. மருத்துவர் நாடி பிடிக்காமலே அறுவைக்குத் தேதி கொடுத்தால் ஒப்புக்கொள்வோமா? பழைய கார்களில் கார்புரேட்டர்மேல் விழும் பழியில் பெரும்பங்கு மின்சாரப் பக்கத்தைச் சேர்ந்தது என்று பழைய மெக்கானிக்குகள் எல்லோரும் சொல்வார்கள். அதனால் சென்ற வாரம் வீடியோ அழைப்பில் தம்பியை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னேன். முதலில் வால்வு இடைவெளி. அது சரியாக இருந்தது. அடுத்து டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயின்ட் இடைவெளி. ஏறக்குறைய 0.015 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் காகிதம் நுழையும் அளவுகூட இல்லை. தேய்ந்து மூடிக்கொண்டிருந்தது. சரி செய்ததும் பாதித் திக்கல் போய்விட்டது. செலவு ஒரு பவுண்டுகூட இல்லை.

மீதிப் பாதிக்குத்தான் கார்புரேட்டர் பக்கம் போனோம். த்ராட்டில் தகட்டைத் தாங்கும் ஸ்பிண்டிலைப் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். முன்னது கெட்டியாக இருந்தது, பின்னது தடதடவென்று ஆடியது. இன்ஜினை ஓட விட்டு அந்த ஸ்பிண்டில் முனைகளில் கிரீஸ் அப்பினார். ஸ்லோ ஸ்பீடு உடனே அடங்கி நின்றது. என்ன அர்த்தம்? தேய்ந்த துளை வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே திருட்டுத்தனமாகப் போகிறது. ஊசிக்கும் பிஸ்டனுக்கும் தெரியாத காற்று, அதற்கு யார் பெட்ரோல் கொடுப்பார்கள்?

இதற்கு மருந்து, துளையைக் கடைந்து புது புஷ் அடித்து, புது ஸ்பிண்டில் போடுவது. லேத் வேலை தெரிந்தவர் செய்வார். கூடவே ஜெட், ஊசி, மிதவை வால்வு, வாஷர்கள். பிஸ்டனும் அதன் மேல்மூடியும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்டவை, முன்னதன் மூடியைப் பின்னதில் மாட்டிவிடக்கூடாது. அவை தேயவில்லையே என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. துளைகளை அடைத்துவிட்டுத் தலைகீழாகப் பிடித்தால் மூடி மெதுவாக இறங்க வேண்டும். இந்த அளவுக்கு 5 முதல் 7 வினாடி. தம்பி செய்து பார்த்தார், இரண்டும் தேர்ச்சி. ஆக, "முடிந்துபோன" இரண்டு கார்புரேட்டர்களில் ஒன்று நன்றாக இருக்கிறது, மற்றதில் ஒரு துளை தேய்ந்திருக்கிறது.

காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்தால் மருந்து சின்னதாகத்தான் இருக்கும். இதற்கு என் மனதுக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் மெர்லின் இன்ஜினிலும் எஸ்.யூ. கார்புரேட்டர்தான். காரில் இருப்பதைவிட வேறு அமைப்பு, ஆனால் மிதவைக் கிண்ணம் உண்டு. விமானி மூக்கைத் திடீரென்று கீழே குத்தினால் கிண்ணத்துப் பெட்ரோல் மேலே ஏறிவிடும். இன்ஜின் முதலில் பட்டினி கிடக்கும், பிறகு பெட்ரோல் வெள்ளத்தில் மூச்சுத் திணறும். எதிரியின் ஜெர்மன் விமானத்தில் இன்ஜெக்‌ஷன், அவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் வெள்ளம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தார். இன்ஜினுக்கு அதிகபட்சமாக எவ்வளவு பெட்ரோல் தேவையோ அவ்வளவை மட்டும் விடும் துளையுள்ள ஒரு சிறு உலோக வில்லையைக் குழாயில் போடச் சொன்னார். விமானங்களைப் பணியிலிருந்து நிறுத்தாமலே 1941-இல் அதைப் பொருத்தினார்கள். நிரந்தரத் தீர்வு பிறகு வந்தது, ஆனால் அந்த நேரத்தில் உயிரைக் காத்தது காசு அளவு வில்லை. அந்த அம்மையார் புரூக்லேண்ட்ஸ் தடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டியவரும்கூட. பெண் குழந்தைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுங்கள்.

சரி, நிஜமாகவே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்? உடல் வெடித்துவிட்டது, பாகங்கள் காணாமல் போயின, அரித்துவிட்டது. அப்படியும் நேரும். அப்போது என்ன வாங்குவது?

முதல் தேர்வு, அதே எச்.எஸ்.4 புதிதாக. எஸ்.யூ. பெயரில் இன்றும் சாலிஸ்பரியில் பர்லென் நிறுவனம் கார்புரேட்டர்களும் உதிரிப் பாகங்களும் செய்து விற்கிறது. ஐம்பது அறுபது வருடத்துக் காருக்கு இன்றும் புதிய பாகம் கிடைப்பதே ஒரு பாக்கியம். வாங்கும்போது மிதவைக் கிண்ணத்து மூடித் திருகில் தொங்கும் சின்னத் தகட்டின் எண்ணைப் பாருங்கள். எந்த வருடக் காருக்கு எந்த ஊசி, எந்த ஸ்பிரிங் என்பது அந்த எண்ணில் இருக்கிறது. "எம்.ஜி.பி.க்கு வேண்டும்" என்று மட்டும் கேட்டால் போதாது, பதினெட்டு வருடத்தில் பல மாறுதல்கள் செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது, 1970-களின் கார்களில் வந்த எச்.ஐ.எஃப்.4. மிதவைக் கிண்ணம் பக்கத்தில் தொங்காமல் உடலுக்கு அடியிலேயே இருக்கும் வகை. நல்ல பொருள்தான். ஆனால் 1969 காருக்கு அதைத் தேடிப் போகக் காரணம் இல்லை.

மூன்றாவது, இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத நகல். வேண்டாம். ஊசியின் பருமனை எட்டில் ஒரு அங்குலத்துக்கு ஒரு முறை அளந்து, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட நுணுக்கமாகச் சொல்லும் பொருள் இது. அந்த நுணுக்கத்தை யார் உறுதி செய்தார்கள் என்று தெரியாமல் எப்படி நம்புவது?

நான்காவது, கீழ்நோக்கி அமரும் ஒற்றை வெபர், 32/36 டி.ஜி.வி. இதற்கு ஒரு நியாயம் உண்டு. 1975 முதல் அமெரிக்காவுக்குப் போன எம்.ஜி.பி.க்களில் புகைச் சட்டத்துக்காக ஒற்றை ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர் வைத்தார்கள். அது போன பிறகு அங்குள்ள பலர் இந்த வெபரை மாட்டிக்கொண்டார்கள். ஒன்றே ஒன்று என்பதால் இரண்டையும் ஒத்திசைக்கும் வேலை இல்லை. ஆனால் ஏற்கனவே நல்ல ஜோடி எஸ்.யூ. இருக்கும் காரிலிருந்து இதற்கு மாறுவது, ஜோடி மாட்டை விற்று ஒற்றை மாடு வாங்குவது போல.

ஐந்தாவது, இன்ஜெக்‌ஷன். தினமும் ஐம்பது மைல் வேலைக்கு ஓட்டுகிறவர் என்றால் யோசிக்கலாம். குளிரில் ஒரே சாவியில் கிளம்பும், பெட்ரோலும் அளவாகக் குடிக்கும். மறுக்கவில்லை. ஆனால் சென்சார், கணினிப் பெட்டி, உயர் அழுத்த பம்ப் என்று காருக்குள் இன்னொரு கார் வந்து குடியேறும். பத்து வருடம் கழித்து அந்தப் பெட்டிக்கு மாற்று கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது. எஸ்.யூ. ஊசி கிடைக்கும் என்பதற்கு நூறு வருடம் சாட்சி.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றை மறக்கக்கூடாது. பெட்ரோலே மாறிவிட்டது. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் என்பது ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கும், ஈரத்தை இழுக்கும். அதோடு எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் தேவை. பழைய அளவிலேயே விட்டால் கலவை நீர்த்துப்போகும். பழைய கார்களுக்கு அங்கே பங்குகளில் கிடைக்கும் உயர் ரக ஈ5-ஐப் போடுவதே நல்லது. குழாய்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுவது கட்டாயம். இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஒழுகினால் நடப்பது வேறு. 1,400 பவுண்டில் முதல் செலவு இந்தக் குழாய்களாக இருக்க வேண்டும். பட்டறையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

எஸ்.யூ.வில் கலவையைக் கூட்டவும் குறைக்கவும் அடியில் ஒரே ஒரு அறுகோண நட். கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். சரியா என்று பார்க்கப் பிஸ்டனை ஊசிமுனை அளவு மெல்லத் தூக்க ஒரு சிறு குச்சி உடலிலேயே இருக்கிறது. தூக்கினால் இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி விழுந்தால் குறைவு. ஒரு கணம் ஏறி உடனே அடங்கினால் சரி. இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று பார்க்க ஒரு முழம் ரப்பர் குழாயைக் காதில் வைத்து, இரண்டின் வாயிலும் மாறி மாறிச் சீறல் சத்தம் கேட்டால் போதும். சோதனைச்சாலைப் பையன் செய்யும் வேலை. வெபருக்கு ஜெட் பெட்டியும், உருளைமேல் காரை ஓட விட்டு அளக்கும் ரோலிங் ரோடும், அதை அறிந்த ஆளும் வேண்டும். அந்த ஆள் ஓய்வு பெற்றால் அடுத்து யார்?

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று அந்தக் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கிறது. தம்பி இந்தக் காரை வாங்கியது பக்கத்து வீட்டுப் பெரியவரிடமிருந்து. அவர் இப்போது இல்லை. அவர் நாற்பது வருடம் எழுதிவந்த ஒரு நோட்டுப் புத்தகம் காரோடு வந்தது. எந்தத் தேதி, எத்தனை மைல், எந்த ஊசி, நட்டை எத்தனை பட்டை இறக்கினார், அன்று வெயிலா குளிரா, பிளக் என்ன நிறம். எல்லாம் பென்சில் எழுத்து. இந்த ஒரு இன்ஜினைப் பற்றி உலகத்தில் வேறு எங்கும் இல்லாத தரவு அது. எஸ்.யூ. இருக்கும்வரை அது வழிகாட்டி. வெபர் மாட்டிய அன்றே அது பழைய காகிதம். பட்டறைக் கணக்கில் இந்த நஷ்டத்துக்கு வரி கிடையாது.

"சார், பழசு என்றால் எல்லாமே உசத்தி என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. பிரேக் குழாய் பழசானால் யோசிக்காமல் மாற்றுங்கள், டயர் பழசானால் மாற்றுங்கள், சீட் பெல்ட்டை மாற்றுங்கள். உயிர் சம்பந்தப்பட்டதில் பழம்பெருமை பேசக்கூடாது. நான் சொல்வது, ஒரு பொருள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் அதை மாற்றாதீர்கள் என்பதுதான்.

எனவே தம்பிக்கும், இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கும் என் யோசனை இது. பின்பக்கக் கார்புரேட்டரை மட்டும் கழற்றி, எஸ்.யூ. வேலை தெரிந்தவரிடம் ஸ்பிண்டிலும் புஷ்ஷும் போடக் கொடுங்கள். இரண்டுக்கும் புது ஜெட், ஊசி, வாஷர் செட் வாங்குங்கள். ஊசியின் தண்டில் பொறித்த எழுத்தை நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். பெட்ரோல் குழாய் முழுவதையும் மாற்றுங்கள். டேம்பரில் 20 கிரேடு எண்ணெய் விடுங்கள். பிறகு ஒரு ஞாயிறு முழுக்க ஒதுக்கி, உங்கள் கையாலேயே டியூன் செய்யுங்கள். எதை எவ்வளவு திருகினீர்கள் என்று அந்த நோட்டிலேயே, பெரியவர் விட்ட இடத்துக்கு அடுத்த வரியில், தேதி போட்டு எழுதுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வெபர்தான் வேண்டும் என்று மனம் சொன்னால், உங்கள் கார், உங்கள் காசு, நான் தடுக்க மாட்டேன். ஆனால் எஸ்.யூ. ஜோடியையும் மேனிஃபோல்டையும் ஏர் ஃபில்டரையும் ஒரு பெட்டியில் போட்டு எண்ணெய்த் துணி சுற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். திரும்பி வர வழி இருக்கிற முடிவு எதுவும் பெரிய தப்பாகிவிடாது.

வெபர் கட்சிக்காரர்கள் கீழே வந்து சண்டை போடலாம். காரணத்தோடு போடுங்கள், "எல்லோரும் போடுகிறார்கள்" என்பதற்கு மார்க் கிடையாது.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்